6-3 என்று பதிந்த மாலைகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் வசித்த ஆண்டுகளில், பகலில் கணினி வேலை பார்த்துவிட்டு மாலையில் உள்ளூர் பேஸ்பால் மைதானத்தில் பதிவாளராக வேலை செய்தேன். கல்லூரி நாட்களில் மாவட்ட லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன் என்பதைத் தவிர அந்த வேலைக்கு எனக்கு வேறு தகுதி எதுவும் இருக்கவில்லை. பிட்சர் வீசும் ஒவ்வொரு பந்தையும் கணினியில் பதிய வேண்டும். அது பாலா, ஸ்ட்ரைக்கா, ஃபவுலா, மட்டையில் பட்டால் எந்தத் திசையில் போனது, யார் பிடித்தார், யாருக்கு எறிந்தார் என்பதையெல்லாம் அடுத்த பந்து வீசப்படுவதற்குள் பதிந்து முடிக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் அதிகாரபூர்வ ஸ்கோரர் இருப்பார். ஓர் அடியை ஹிட், அதாவது அடித்தவர் சம்பாதித்தது, என்பதா, தடுப்பாளரின் பிழை என்பதா என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. அவர் சொன்னதைத் தவறில்லாமல் பதிவது என் பொறுப்பு.

பேஸ்பாலில் களத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர், அதாவது அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்தைக் காப்பவர், 3, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, மைதானத்தின் ஆழத்தில் நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டர் 8. தரையோடு உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அடித்தவரை அவுட் ஆக்கினால் பதிவேட்டில் 6-3. ஒரே மாலையில் அதைப் பலமுறை பதிந்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லாமல் இருந்ததுண்டு.

எங்கள் மைதானம் மிட்வெஸ்ட் லீகைச் சேர்ந்தது. அப்போது 140 ஆட்டங்கள் கொண்ட அந்த லீகின் ஒவ்வொரு அணியும் தன் ஊரில் 70 ஆட்டங்களை ஆடும். மேஜர் லீக் என்னும் உச்சிக்குப் போகும் ஏணியில் இது கீழ்ப்படிகளில் ஒன்று. புதிதாக ஒப்பந்தமான பையன்கள் ரூக்கி லீகில் தொடங்கி, ஏ, உயர் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று ஏறிப் போக வேண்டும். ஒரு படியிலேயே மூன்று ஆண்டுகள் தங்கிவிடுபவர்களும், எந்தப் படியிலாவது சொல்லாமல் கொள்ளாமல் காணாமற்போகிறவர்களும்தான் அதிகம். 2010-இன் வசந்த காலத்தில், குளிர் இன்னும் விடாத ஒரு மாலையில், எங்கள் ஊருக்கு ஆட வந்த சீடர் ராப்பிட்ஸ் கெர்னல்ஸ் அணியின் பட்டியலில் சென்டர் ஃபீல்டராக மைக் ட்ரவுட் என்ற பெயரை முதன்முதலாகத் தட்டச்சு செய்தேன். பின்னாளில் மேஜர் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானவர் அவர். அவருக்கு அப்போது வயது 18. அவரைச் சுற்றி ஆடியவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்தவர்கள் அல்லது இருபதைத் தாண்டியவர்கள்.

என் நினைவில் நிற்பது அவர் அடித்த ஹிட் அல்ல, ஒரு 6-3. ஷார்ட்ஸ்டாப்பின் கைக்கு நேராக, யாருக்கும் சிரமம் தராமல் உருண்டு போன பந்து அது. இத்தகைய பந்தை அடித்தவர்கள் பாதி தூரம் ஓடிவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் திரும்புவதை அதற்கு முன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இந்தப் பையன் அந்த 90 அடியையும் உயிரைக் கொடுத்து ஓடினார். பந்தைக் கையில் எடுத்த ஷார்ட்ஸ்டாப் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டு அவசரமாக எறிந்தார். அவுட்தான், ஆனால் மயிரிழையில். எனக்குப் பின்னால் நின்றிருந்த ஸ்கவுட் ஒருவர், அதாவது அணிகளுக்காகத் திறமைசாலிகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர், கையிலிருந்த ஸ்டாப்வாட்சை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். வலக்கை ஆட்டக்காரர் மட்டையிலிருந்து முதல் பேஸை அடைய 4.3 நொடி எடுத்தால் அது மேஜர் லீகின் சராசரி என்றும், நான்கு நொடியைத் தொடுகிறவர்கள் மிக அரிது என்றும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் 6-3 என்று பதிந்தேன். அந்தப் பதிவில் நான் பார்த்தது எதுவுமே இல்லை.

அந்த ஓட்டத்தின் பயன் அந்த ஓர் அடியோடு நின்றுவிடவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆட்டங்கள் ஆயின. அடுத்தடுத்து அவர் மட்டை பிடிக்க வரும்போது, உள்வட்டத்தில் நிற்பவர்கள் தங்கள் இடத்திலிருந்து ஓரிரு அடி முன்னால் வந்து நின்றார்கள், இல்லாவிட்டால் எறிவதற்கு நேரம் போதாது. முன்னால் வந்து நிற்கிறவருக்குப் பக்கவாட்டில் நகர அவகாசம் குறைகிறது. வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் எளிதாகப் பிடித்திருக்கக்கூடிய பந்து இடைவெளியில் புகுந்து வெளிக்களத்துக்குப் போய்விடுகிறது. இப்படிப் பிறந்த ஹிட்டைப் பதிவேடு ஹிட் என்றுதான் சொல்லும். அதற்கு விதை முந்தைய வாரத்தில் அவுட் ஆன ஒரு 6-3-இல் இருந்தது என்று சொல்லாது.

நியூ ஜெர்சியின் தென்பகுதியில் உள்ள மில்வில் என்ற ஊர் அவருடையது. கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அவருடைய தந்தை ஜெஃப் ட்ரவுட், மினசோட்டா ட்வின்ஸ் அமைப்பின் கீழ் லீகுகளில் சில ஆண்டுகள் ஆடி, மேஜர் லீகைத் தொடாமலேயே மட்டையை வைத்துவிட்டு, பள்ளியில் வரலாற்று ஆசிரியரானவர். மகன் உயர்நிலைப் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப்பாகவும் பிட்சராகவும் ஆடினார். நியூ யார்க் யாங்கீஸ் அணியின் புகழ்பெற்ற ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டரைப் போல ஆக வேண்டும் என்பது சிறுவயது ஆசை. இறுதியாண்டில்தான் அவரை வெளிக்களத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு அவர் அடித்த 18 ஹோம் ரன்கள், அதாவது வேலியைத் தாண்டிய அடிகள், நியூ ஜெர்சியின் பள்ளிச் சாதனை ஆயிற்று.

இருந்தும் அவரைப் பற்றிய ஐயம் பலருக்குத் தீரவில்லை. இதற்கு வானிலை ஒரு பெரிய காரணம். கலிஃபோர்னியாவிலும் டெக்சாசிலும் ஃப்ளோரிடாவிலும் பையன்கள் ஆண்டு முழுவதும் ஆடுகிறார்கள். வடகிழக்கில் பனி விலகி மைதானம் காய்வதற்குள் பள்ளிப் பருவத்தில் பாதி போய்விடும். ஆட்டங்கள் குறைவு, எதிரே வீசுகிறவர்களின் தரமும் தெளிவில்லை, ஆகவே அங்கே ஒரு பையன் குவிக்கும் எண்களை எவ்வளவு நம்புவது என்று ஸ்கவுட்டுகள் தயங்குவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் என்ற மேஜர் லீக் அணிக்காக அப்பகுதியைச் சுற்றிவந்த கிரெக் மோர்ஹார்ட் தயங்கவில்லை. ஜெஃப் ட்ரவுட்டோடு கீழ் லீகில் ஒரே அணியில் ஆடியவர் அவர். தந்தையின் ஆட்டத்தை அறிந்த கண்ணால் மகனைப் பார்க்கும் வாய்ப்பு மற்ற ஸ்கவுட்டுகளுக்கு இருக்கவில்லை. இதை அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பழக்கமும் அறிவுதான், ஆளைத் தெரிந்து வைத்திருப்பதும் அந்தத் தொழிலின் ஒரு பகுதிதான்.

2009 ஜூன் மாதத்தில், அணிகள் வரிசைமுறைப்படி புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், நியூ ஜெர்சியின் சிகாகஸ் நகரிலிருந்த தொலைக்காட்சி அரங்கில் நடந்தது. நேரில் வந்திருந்த ஒரே ஆட்டக்காரர் ட்ரவுட். முதலில் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் அழைக்கப்பட்டார். அதற்குப் பிறகும் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. 24-ஆவது வாய்ப்பு ஏஞ்சல்ஸுடையது, 25-ஆவதும் அவர்களுடையதே. 24-ஆவதாக அவர்கள் அழைத்தது ராண்டல் கிரிச்சக் என்ற டெக்சாஸ் பையனை. அவரும் பள்ளி மாணவர், அவரும் வெளிக்களத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டர். அடுத்து ட்ரவுட். அடுத்தடுத்த இரண்டு வாய்ப்புகளும் ஒரே கையில் இருக்கும்போது யாரை முதலில் அழைத்தார்கள் என்பதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. கிரிச்சக்கும் பல ஆண்டுகள் மேஜர் லீகில் ஆடியவர். ஆனால் 17 வயதுப் பையன் ஒருவன் கேமராக்களின் முன்னால் 24 பெயர்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போதெல்லாம், அந்த 90 அடி ஓட்டம் எனக்குக் கொஞ்சம் புரிவதுபோல் இருக்கிறது.

பதிவாளர் அறை உயரத்தில் இருப்பதால் அவுட்ஃபீல்டரின் வேலையை முழுமையாகப் பார்க்க முடியும். தொலைக்காட்சியில் அது கிடைக்காது. பந்து மேலே போன பிறகே கேமரா வெளிக்களத்துக்குத் திரும்பும், அதற்குள் முக்கியமானது முடிந்திருக்கும். மட்டையில் பந்து பட்ட கணத்தில் முதல் காலடி எந்தப் பக்கம் வைக்கப்படுகிறது என்பதில்தான் ஒரு சென்டர் ஃபீல்டரின் தரம் இருக்கிறது. பக்கவாட்டில் போகும் பந்தைக் கணிப்பது எளிது. தனக்கு நேராக வருவதுதான் கடினம், ஏனென்றால் அது தலைக்கு மேல் போகுமா, முன்னால் விழுமா என்பது முதல் நொடியில் கண்ணுக்குத் தெரியாது. ஷார்ட்ஸ்டாப்பாகவே வளர்ந்த ஒருவர் இந்தக் கணிப்பைக் கற்க ஆண்டுகள் ஆகும். ட்ரவுட் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நான் பார்த்தேன். தொடக்கத்தில் அவர் முதல் காலடியைத் தவறாக வைத்துவிட்டு, தன் வேகத்தால் அந்தத் தவறைச் சரிக்கட்டிக்கொண்டது உண்டு. கோடை நடுவில் மீண்டும் எங்கள் மைதானத்துக்கு வந்தபோது அந்தச் சரிக்கட்டலுக்கான தேவை குறைந்திருந்தது. இரண்டு பயணங்களிலும் என் பதிவில் இருந்தது ஒரே குறி: 8, கேட்ச்.

ஒவ்வோர் அணியும் ஊரைவிட்டுப் போன பின் ஆட்டக்காரர்களைப் பற்றி எனக்காக ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். ட்ரவுட்டைப் பற்றி நான் எழுதியது: "ஓட்டம் அபாரம். பந்தைத் தேர்ந்து அடிக்கும் பொறுமை உண்டு. அடியில் வலு போதாது." சீடர் ராப்பிட்ஸுக்காக 81 ஆட்டங்களில் அவருடைய மட்டையடி சராசரி .362, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 362 ஹிட் என்ற கணக்கு. பிட்சர் வீசும் நேரம் பார்த்து ஓடி அவர் திருடிய பேஸ்கள் 45. ஆனால் ஹோம் ரன்கள் ஆறுதான். அந்த ஆறை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். 18 வயது உடல் இன்னும் முடிவடையாத உடல் என்பதையும், மோசமான பந்தை விட்டுவிடத் தெரிந்த கண்ணுக்கு வலு பின்னால் வந்து சேரும் என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. மட்டை பிடித்த 100 முறைகளில் 45 முறை அவர் எப்படியோ முதல் பேஸையாவது அடைந்திருந்தார். அந்த எண்ணும் என் கணினியில்தான் இருந்தது.

ஜூலையில், இளம் திறமையாளர்களுக்கான ஃபியூச்சர்ஸ் ஆட்டம் ஏஞ்சல்ஸின் சொந்த மைதானத்தில் நடந்தது. அதில் ஆடிய ட்ரவுட் அயோவாவுக்குத் திரும்பவில்லை. கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்கா அணிக்கு உயர்த்தப்பட்டார். 2011-இல் இரட்டை ஏ-யில் ஆர்கன்சாஸ். அங்கே ஆடிக்கொண்டிருந்தபோது, மூன்று ஏ படியையே தாண்டி, ஜூலை 8 அன்று மேஜர் லீகில் இறக்கிவிட்டார்கள். சியாட்டிலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மூன்று முறை அடித்தும் ஹிட் இல்லை. அந்த ஆண்டு மேஜர் லீகில் அவர் ஆடிய 40 ஆட்டங்களின் சராசரி .220.

அந்த எண்ணைப் பார்த்த இரவு எனக்கு வருத்தமாக இருந்தது. என் நோட்டுப்புத்தகம் சரி என்று ஆகிவிடுமோ என்ற எண்ணம் மகிழ்ச்சி தரவில்லை, அது தவறாகவே இருக்க வேண்டும் என்று விரும்பினேன். பின்னர் அவருடைய 123 மட்டையடி வாய்ப்புகளையும் இணையப் பதிவில் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். எங்கோ ஒரு மைதானத்தில் என்னைப் போன்ற ஒருவர் பதிந்தவை அவை. ஹிட் ஆகாத பந்துகளிலும் பலவற்றை வலுவாக அடித்திருந்தார். அந்த 123-க்கு இன்னொரு விளைவும் இருந்தது. 130-ஐத் தாண்டினால் ஒருவர் புதியவர் என்ற தகுதியை இழப்பார். ஏழு வாய்ப்புகள் மிச்சமிருந்ததால் அடுத்த ஆண்டும் அவர் விதிப்படி புதியவரே.

2012-ஐ உடல்நலக் குறைவோடு தொடங்கி, மூன்று ஏ-யில் சால்ட் லேக் அணிக்காக 20 ஆட்டங்களில் .403 சராசரி வைத்தார். ஏஞ்சல்ஸ் ஆறு வெற்றி, 14 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 28 அன்று அவரை மீண்டும் அழைத்தார்கள். பருவ முடிவில் சராசரி .326, ஹோம் ரன்கள் 30, திருடிய பேஸ்கள் 49. அமெரிக்க லீகின் சிறந்த புதியவர் விருது ஒருமனதாகக் கிடைத்தது. பின்னாளில் 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வந்தது. இவை எல்லோரும் அறிந்தவை.

நான் அதிகம் நினைப்பது, அதே 2010-இல் அதே பேருந்துகளில் வந்துபோன மற்றவர்களை. அன்று ஏ வகுப்பு ஆட்டக்காரரின் சம்பளத்தில் ஓர் அறை வாடகை கொடுத்துத் தனியாக வாழ முடியாது. அதனால் ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் இடம் கொடுத்து, சோறு போட்டு, இந்தப் பையன்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்து நள்ளிரவில் பேருந்தில் ஏறி, விடியற்காலையில் அடுத்த ஊரில் இறங்கி, அன்று மாலையே மீண்டும் ஆடுவார்கள். 2023-இல்தான் கீழ் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் கிடைத்தது. சுமார் 11,000 டாலராக இருந்த தொடக்க நிலை ஏ வகுப்பின் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியம் 26,200 ஆயிற்று. மிகத் தாமதமாக வந்த நியாயம் என்றே நான் கருதுகிறேன். திறமையால் மட்டும் பிரிக்கப்பட வேண்டிய இடத்தில், யார் வீட்டிலிருந்து பணம் வரவழைக்க முடிகிறது என்பதும் ஒரு சல்லடையாக இருந்தது. அதில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதை எந்தப் பதிவாளரும் குறித்து வைக்கவில்லை.

2012 ஜூன் 27 அன்று பால்டிமோரில் ஜே. ஜே. ஹார்டி அடித்த பந்து நடுவேலியைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். ட்ரவுட் பின்னோக்கி ஓடி, வேலியருகே எழும்பி, கையுறையை அதற்கு மேலே நீட்டி அதைப் பறித்துக்கொண்டு இறங்கினார். அயோவாவில் என் வீட்டில் அந்தக் காட்சியை நான் பலமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். பந்து மட்டையில் பட்டதும் அவர் திரும்பிய விதத்தைக் காட்டும் கோணம் ஒன்று கிடைக்குமா என்று தேடினேன். பிறகு, பழக்கம் விடாமல், அன்றைய ஆட்டத்தின் பதிவைத் திறந்தேன். யாரோ ஒரு பதிவாளர் அடுத்த பந்து வீசப்படுவதற்குள் சரியாகப் பதிந்திருந்தார்: ஹார்டி, 8, கேட்ச்.