"வேலை செய்யுதுதானே அண்ணா"

"வேலை செய்யுதுதானே அண்ணா, பிறகென்ன?" இணையப் பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கோட் எழுத எங்களிடம் புதிதாய் வந்த தம்பி கேட்ட இந்தக் கேள்விக்கு, 'தரத்தைப் பின்பற்றுங்க' என்று அன்று நான் சொன்ன பதில் சரிதான். ஆனால் அது போதுமான பதிலா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவர் செய்தது இணையத்தில் நிரப்பும் ஒரு பாடசாலை அனுமதிப் படிவம். பிள்ளையின் பெயரையும் ஊரையும் யூஆர்எல்லில் (இணைய முகவரியில்) சேர்த்து சேர்வருக்கு அனுப்ப, தேடலில் முதலில் வந்த பக்கத்திலிருந்து, எழுத்துகளைக் குறியீடாக மாற்றும் 'எஸ்கேப்' ஃபங்ஷனை எடுத்துப் போட்டிருந்தார். ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. "மட்டக்களப்பு எண்டு தமிழில அடிச்சுப் பாருங்க தம்பி" என்றேன். பிழைச் செய்தி வந்தது.

காரணம் எளிது. எஸ்கேப், தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் % குறி, அதன் பின் 'யு', அதன் பின் நான்கு இலக்கம் என்று மாற்றும். யூஆர்எல் தரத்தில் அப்படியொரு வடிவமே கிடையாது. 'என்கோட் யூஆர்ஐ கொம்போனன்ட்' என்ற ஃபங்ஷன் அதே எழுத்தை யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் மூன்று பைட்டாக்கி, ஒவ்வொரு பைட்டுக்கும் % குறியும் இரண்டு இலக்கமும் தரும். இதற்கு எழுதப்பட்ட டிகோடரிடம் (குறியீட்டைத் திரும்ப எழுத்தாக்குவதிடம்) பழைய வடிவத்தைக் கொடுத்தால் யூஆர்ஐ எரர் என்ற பிழைதான் வரும். 'யூஆர்எல் சேர்ச் பராம்ஸ்' பாவித்தால் இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

"தேடுறதுக்கு முதல் எம்.டி.என் எண்ட வெப் ஆவணத் தளத்தைப் பாருங்க. மேல 'டெப்ரிகேட்டட்', அதாவது இனிப் பாவிக்க வேண்டாம் எண்டு இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. கீழ ஸ்பெசிஃபிகேஷன் (தர ஆவணம்) லிங்க் இருக்கும், அதுக்குக் கீழ எந்தப் பிரவுசரில ஓடும் எண்ட அட்டவணை இருக்கும். ரெண்டையும் பாத்துட்டு கோட் எழுதுங்க" என்றேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் விதிகள் எக்மா-262 என்ற தரத்தில், தமிழ் போன்ற மொழிகளுக்கான இன்டெல் (Intl) வசதிகள் எக்மா-402 இல், பக்கத்தின் உறுப்புகளைக் கையாளும் டொமும் யூஆர்எல்லும் வாட்விஜி என்ற அமைப்பின் தரங்களில். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். 2015க்குப் பிறகு எக்மா-262 ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், ஒரு பாடத்தின் திகதியைப் பார்க்காமல் அதை நம்ப முடியாது. மாறிகளுக்குப் பழைய 'வார்' மட்டும் உள்ள, பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 'அட்டாச் ஈவென்ட்' சொல்லித்தரும் பக்கங்கள் இன்னும் தேடலில் வருகின்றன.

இதில் எதையும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் தம்பி ஸ்பெசிஃபிகேஷனை, அதாவது ஸ்பெக்கைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "எஸ்கேப் இதுக்குள்ளயும் இருக்கே அண்ணா" என்றார். உண்மை. எக்மா-262 இன் இணைப்பு பி இல் எஸ்கேப் இருக்கிறது, சொல்லின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் பழைய சப்ஸ்டரும் இருக்கிறது. பழைய தளங்கள் உடையாமலிருக்க பிரவுசர்கள் அவற்றை வைத்திருந்தே ஆக வேண்டும். புதிய கோடில் பாவிக்காதே என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஆக, 'தரத்தில் இருக்கிறது' என்பதும் 'பாவிக்கலாம்' என்பதும் வேறு வேறு. அதை நான் பிரித்துச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது எழுத்தெண்ணிக்கை. 'மட்டக்களப்பு' என்பதற்கு ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் (நீளம்) 12 என்று வரும். நாம் எண்ணினால் 8. புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. முதல் ஒன்பதை மட்டும் வெட்டி எடுத்தால் புள்ளி போய் 'மட்டக்களப' என்று நிற்கும். இதற்கான சரியான கருவி, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்டெல் செக்மென்டர் என்றேன். 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸ் 125 வந்த பிறகுதான் அது முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கிடைத்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாடசாலையின் பழைய கணினியில் அது ஓடவில்லை.

தரத்தைப் பின்பற்று என்று நான் சொன்னேன். தரத்தின்படி எழுதியது அங்கே நின்றுவிட்டது. இது என் வாதத்தைக் கெடுக்கிறதா? அட்டவணையையும் பார் என்றுதானே சொன்னேன் என்று ஒரு மனம் சொல்கிறது. எம்.டி.என்னுக்குத் தமிழ்ப் பதிப்பு இல்லை, ஸ்பெக்கின் ஆங்கிலமோ பழகியவர்களுக்கே கடினம், வேலைக்குப் புதிதாய் வந்த பிள்ளையிடம் இரண்டையும் கொடுத்து அனுப்பியது நியாயமா என்று இன்னொரு மனம் கேட்கிறது.

கடைசியில் வழி கண்டது தம்பிதான். செக்மென்டர் இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இல்லாவிட்டால் எக்மா-262 இன் 2018 பதிப்பில் வந்த, எழுத்தின் வகையை வைத்துத் தேடும் யூனிகோட் பண்பு ரெகெக்ஸைக் கொண்டு, ஓர் அடி எழுத்தையும் அதைத் தொடரும் குறிகளையும் ஒன்றாக எண்ண வைத்தார். அந்தப் பழைய கணினியிலும் 8 வந்தது. எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். தேடலில் மூன்றாவதாக வந்த ஒரு பக்கத்தில் பார்த்து, பிறகு எம்.டி.என்னில் சரிபார்த்தாராம்.