பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் முதல் எண்ணைப் போட்டாக வேண்டும். திங்கட்கிழமை இரவு ஆட்டம் முடிந்த களைப்பு தீர்வதற்குள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான கணக்கு தொடங்கிவிடும். எக்ஸெல் தாளில், அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகள் ஏறக்குறைய முப்பது பேரின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அந்த வாரம் அவர் எத்தனை புள்ளி எடுப்பார் என்று கணித்து அதை நிரப்புவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை.

நியூ ஜெர்சியில், அமெரிக்க ஃபுட்பாலின் ஃபேண்டஸி ஆட்டக்காரர்களுக்கு வாராவாரம் மதிப்பீடு தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். ஐபிஎல் சமயத்தில் ட்ரீம்11 ஆடியவர்களுக்கு இது பாதி புரிந்திருக்கும். மீதிப் பாதி வேறு. இங்கே நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் வைத்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் கடைசியில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களை ஒருவர் மாற்றி ஒருவர் எடுப்பார்கள். ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை அந்த லீக்கில் இன்னொருவர் எடுக்க முடியாது. அப்புறம் நான்கு மாதம், ஒவ்வொரு வாரமும், தன்னிடம் இருப்பவர்களில் யாரை இறக்குவது, யாரை பெஞ்சில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான லீக்குகளில் குவாட்டர்பேக் ஒருவரைத்தான் இறக்கலாம். இரண்டு பேரைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிறு காலை வரை தவிப்பவர்கள்தான் எங்கள் வாசகர்கள்.

நிஜ ஆட்டத்தில் குவாட்டர்பேக் செய்வதை வைத்துப் போடும் புள்ளிக் கணக்கு எளிமையானது. வழக்கமான முறையில், எறிந்து அணியை முன்னேற்றும் ஒவ்வொரு 25 யார்டுக்கும் ஒரு புள்ளி. எறிந்து போடும் டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பதற்கு, 4. தானே ஓடினால் 10 யார்டுக்கு ஒன்று, ஓடிப்போய் டச்டவுன் போட்டால் 6. பந்து எதிரணியின் கைக்குப் போனால் ஒன்றோ இரண்டோ கழியும். ஆகவே ஓடத் தெரிந்த குவாட்டர்பேக்குக்கு எண் போடுவது கொஞ்சம் நிம்மதி. கை சரியாக வராத நாளிலும் கால் காப்பாற்றும். எறிவதை மட்டுமே நம்பியிருக்கும் இளைஞருக்கு எண் போடுவதுதான் சிரமம்.

2023-ல் எனக்கு அப்படி வாய்த்தவர் சி.ஜே. ஸ்ட்ரௌட். அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் புதியவர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், அந்த வருடம் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி இரண்டாவது ஆளாக எடுத்தவர். வயது 21, அக்டோபரில்தான் 22 ஆனது. பத்து வருடம் ஆடியவருக்கு எண் போடும்போது பின்னால் நூற்றைம்பது ஆட்டம் இருக்கும். மழையில் எப்படி, வெளியூரில் எப்படி, எறியும் பந்தைப் பிடிக்கும் முன்னணி ரிசீவர் இல்லாதபோது எப்படி என்று எல்லாவற்றுக்கும் ஒரு பதில் கிடைக்கும். இவருக்கு அக்டோபர் கடைசியில் ஏழே ஆட்டம். ஏழில் ஒன்று மாறினாலும் சராசரி ஆடிப்போய்விடும்.

எட்டாவது வாரம் அதுதான் நடந்தது. ஓய்வு வாரம் முடிந்து வந்த டெக்சன்ஸ், அதுவரை ஒரு வெற்றிகூடப் பெறாத கரோலினாவிடம் 15-13 என்று தோற்றது. ஸ்ட்ரௌட் எறிந்தது 140 யார்டு. எறிந்ததில் டச்டவுன் ஒன்றும் இல்லை. எறிந்த கணக்கில் மட்டும் 5.6 புள்ளி. இரண்டாவது வாரம் 384 யார்டு எறிந்த அதே கை. செவ்வாய்க்கிழமை நான் தாளைத் திறந்தபோது அந்த 140 என் கண்ணைவிட்டு அகலவில்லை. 'பயிற்சியாளர்கள் இவரைப் படித்துவிட்டார்கள், புதியவர்களுக்கு இப்படி ஒரு சரிவு வருவது சகஜம்' என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். அவரைப் பட்டியலில் பதினெட்டாவது இடத்துக்கு இறக்கினேன். பன்னிரண்டு பேர் லீக்கில் பதினெட்டாவது என்றால் பெஞ்ச் என்று அர்த்தம்.

நவம்பர் 5, டாம்பா பே அணிக்கு எதிராக அவர் 470 யார்டு எறிந்தார். 5 டச்டவுன். இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பிடித்துக்கொண்ட பந்து, ஒன்றும் இல்லை. ஒரே ஆட்டத்தில் முதல் வருடக் குவாட்டர்பேக் ஒருவர் எறிந்த அதிகபட்ச யார்டு என்ற சாதனை. எறிந்த கணக்கிலேயே 38.8 புள்ளி. கடைசி 46 விநாடி இருக்கும்போது அணி 37-33 என்று பின்தங்கியிருந்தது. 75 யார்டு போக வேண்டும். 6 விநாடி மிச்சம் வைத்து, ரிசீவர் டேங்க் டெல்லுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்து ஆட்டத்தை வென்றார்.

அன்று மாலை எதிர்வீட்டு அண்ணா வந்தார். மதுரைக்காரர், எடிசனில் இருபது வருடமாக இருக்கிறார், தன் ஆபீஸ் நண்பர்களுடன் லீக் ஆடுகிறார். கதவைத் திறந்ததும் கோபமாகப் பேசவில்லை. சோபாவில் உட்கார்ந்து, "தம்பி, நீங்க சொன்னீங்கன்னுதான் அந்தப் பையனை உட்கார வெச்சேன்" என்றார். அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் இரவெல்லாம் அந்த ஒரு வரி காதிலேயே இருந்தது. அதுவரை என் எண்ணைப் படிப்பவர்களை நான் ஒரு கூட்டமாகவே நினைத்திருந்தேன்.

மறுநாள் எங்கள் குழுவின் மூத்தவரிடம் போய் நின்றேன். டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூட ஃபுட்பாலில் பயிற்சியாளராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். அவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. இரண்டு ஆட்டத்தின் தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனாவால் இரண்டு எண்களைச் சுற்றி வட்டம் போட்டார். கரோலினாவுக்கு எதிராக ஸ்ட்ரௌட் பந்தை எறிந்தது 24 முறை. டாம்பாவுக்கு எதிராக 42 முறை.

"பையன் என்ன செய்தான் என்று பார்த்திருக்கிறாய். அவனிடம் என்ன கேட்டார்கள் என்று பார்க்கவில்லை" என்றார்.

டாம்பாவின் தற்காப்பு அந்த வருடம் ஓட்டத்தைத் தடுப்பதில் கெட்டி. நடுவில் விடா வியா என்ற மலைபோன்ற ஆள் நின்றால் எந்த அணியும் ஓடி ஓடி முட்டிக்கொண்டிருக்காது, எறியத்தான் பார்க்கும். எறிவதைத் தடுப்பதில் அதே அணி தாராளம். இவ்வளவும் செவ்வாய்க்கிழமையே என் தாளில், வலப்பக்கம் நான்காவது பத்தியில் இருந்தது. போன வாரத்து 140-ஐப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அந்தப் பத்திக்கே போகவில்லை. 470 வரும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது, அது சரிதான். அன்றைக்கு டெக்சன்ஸின் கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்) காயம்பட்டு வெளியே போய், பந்தோடு ஓடும் ஆட்டக்காரரான டேரே ஒகுன்பவாலே வந்து ஃபீல்ட் கோல் உதைத்த ஆட்டம் அது. அதையெல்லாம் எந்தத் தாளும் சொல்லாது. ஆனால் கை ஓயாமல் எறியப்போகும் நாள் அது என்பதைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

அந்த வாரத்திலிருந்து இளம் குவாட்டர்பேக்குகளுக்கு மட்டும் என் வேலை வரிசையை மாற்றிக்கொண்டேன். அவருடைய முந்தைய ஆட்டத்தின் புள்ளியைக் கடைசியில்தான் திறப்பேன். முதலில் பந்தய மையங்கள் போடும் எண். ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 44 புள்ளி எடுக்கும், அதில் ஓர் அணி 4 புள்ளி முந்தும் என்று அவர்கள் கணித்தால், அந்த அணிக்கு 24, எதிரணிக்கு 20. பணம் போடுகிறவர்கள் சேர்ந்து சொல்லும் கணக்கு அது, என் ஊகத்தைவிட நம்பகமானது. அடுத்து, எதிரணி எப்படி அடிவாங்குகிறது, ஓட்டத்திலா எறிதலிலா என்பது. பிறகு, இவரைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேர். குவாட்டர்பேக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஐந்து பேரை மறந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இடப்பக்கம் காப்பவர் ஒருவர் வெள்ளிக்கிழமை வரை பயிற்சிக்கு வரவில்லை என்றால், அது ஸ்ட்ரௌட்டின் கையில் அரை விநாடி குறைவு. தூரமாக எறிய வேண்டுமானால், ரிசீவர் ஓடி முடிக்க அந்த அரை விநாடி வேண்டும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அணிகள் வெளியிடும் காயப் பட்டியலில் நான் முதலில் தேடுவது அவர்களைத்தான்.

எல்லாம் ஆன பிறகு காற்று. மழையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், எனக்குக் காற்றுதான் பயம். நனைந்த பந்தைக்கூட எப்படியோ எறிந்துவிடுவார்கள், காற்று திருப்பிய பந்தை ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் செய்தேன். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, கீழே இவ்வளவு, மேலே இவ்வளவு என்று இரண்டு எண் தர ஆரம்பித்தேன். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. வாசகர்களுக்கு ஒரே பதில்தான் வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஞாயிறு காலை குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே போனைப் பார்க்கிறவருக்கு விரிவுரை படிக்க நேரம் இல்லை. ஆனாலும் நாற்பது ஆட்டம் தாண்டாத ஒருவருக்கு 18.4 என்று தசமப் புள்ளி வைத்து எழுதும்போது, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்கிறேன் என்ற உறுத்தல் போகவில்லை. கடைசியில் இளம் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

டிசம்பர் 10, பதினான்காவது வாரம். டெக்சன்ஸ் இங்கேயே வருகிறது, ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில் மெட்லைஃப் மைதானம், எதிரணி ஜெட்ஸ். அதற்கு முந்தைய வாரம் டேங்க் டெல்லுக்குக் கால் முறிந்திருந்தது. ஜெட்ஸ் அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம், ஆனால் அதன் தற்காப்பு என்.எஃப்.எல்.லிலேயே சிறந்தவற்றில் ஒன்று. காலையில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழை. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் மொட்டைக் கிளைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தன. வானிலைத் தகவலை எத்தனையோ ஊர்களுக்குத் திரையில் பார்த்திருக்கிறேன், கண்ணால் பார்த்து எண்ணைக் குறைத்தது அன்று ஒருமுறைதான். 11:30-க்கு ஆடாதவர்கள் பட்டியல் வந்ததும் கடைசித் திருத்தம் போட்டேன். கீழ் எல்லையை 9-க்கு இறக்கினேன். அண்ணாவுக்குப் போன் செய்து, "வேற ஆள் இருந்தா இறக்குங்கண்ணா" என்றேன். இருந்தார், இறக்கினார்.

நான் போட்ட கீழ் எல்லைக்கும் கீழே போனது ஆட்டம். முதல் பாதி 0-0. இன்னொரு ரிசீவர் நிகோ காலின்ஸும் காயத்தோடு வெளியே போய்விட்டார். ஸ்ட்ரௌட் எறிந்த 23-ல் 10 மட்டுமே சேர்ந்தது, 91 யார்டு. கணக்குப்படி 3.64.

அதுவரை எனக்குள் ஒரு திருப்தி ஓடிக்கொண்டிருந்தது உண்மை. சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி. நான்காவது கால்பகுதியில் அவரைக் கீழே சாய்த்தார்கள். பின்னந்தலை தரையில் மோதியது. அவர் உடனே எழவில்லை. திரையில் அதை மறுபடி மறுபடி காட்டினார்கள். எங்கள் குழுவின் அரட்டைப் பெட்டியில் அடுத்த நிமிடமே, மாற்றுக் குவாட்டர்பேக்குகளைப் பற்றி முதல் செய்தி வந்து விழுந்தது: அடுத்த வாரம் இறங்கப்போவது கீனமா, மில்ஸா? அதைக் கேட்டவர் கெட்டவர் இல்லை. கேட்கத்தான் எங்களுக்குச் சம்பளம். நானே இன்னும் முப்பது விநாடியில் கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியையும், தரையில் கிடந்த 22 வயதுப் பிள்ளையையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது கை கீபோர்டில் நகரவில்லை. மூத்தவர் மட்டும் ஒரு வரி எழுதினார்: "எழுந்துவிட்டான்." அதற்குப் பிறகுதான் எல்லோரும் வேலையைத் தொடர்ந்தோம்.

மூளை அதிர்ச்சிக்கு என்.எஃப்.எல்.லில் ஐந்து படி நடைமுறை இருக்கிறது. ஒவ்வொரு படியாக ஏறி, அணியைச் சேராத நரம்பியல் மருத்துவர் ஒருவரும் சரி என்ற பிறகுதான் களத்துக்கு வர முடியும். எந்தப் படிக்கு எத்தனை நாள் என்பதற்கு விதி இல்லை. பதினைந்தும் பதினாறும் ஃபேண்டஸி லீக்குகளின் நாக்அவுட் வாரங்கள் என்பதால் கேள்விகள் கொட்டின. வருவாரா, மாட்டாரா, எத்தனை சதவீதம்? முழங்கால் என்றால் ஒரு சதவீதம் சொல்லியிருப்பேன். தலைக்கு நான் எண் போடவில்லை. மருத்துவர் அனுமதி வரும் வரை அவர் இல்லை என்றே வைத்துக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள், அவர் சீக்கிரம் வரவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள் என்று எழுதினேன். மேனேஜர் அந்தக் கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. இரண்டு வாரமும் ஆட்டத்தைத் தொடங்கியவர் கேஸ் கீனம்தான். ஒன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி.

பதினேழாவது வாரம் டிசம்பர் 31. ஸ்ட்ரௌட் திரும்பி வருகிறார், சொந்த மைதானம், எதிரணி டென்னசி. அண்ணாவின் அணி பதினாறாவது வாரத்திலேயே வெளியேறியிருந்தது. அவருக்கு அந்த ஆட்டத்தில் எந்தக் கணக்கும் இல்லை. இருந்தும் ஒரு மணிக்கு, வீட்டில் செய்த அதிரசத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வேலைக்காக எல்லா ஆட்டங்களும் வரும் சந்தா என் வீட்டில் உண்டு.

"பையனுக்கு இப்போ எப்படித் தம்பி இருக்கு?" என்றார், செருப்பைக் கழற்றும்போதே.

"நல்லா இருக்காராம்ண்ணா."

வழக்கமாக ஆட்டம் ஓடும்போது மடியில் லேப்டாப் இருக்கும், புள்ளி ஏற ஏறப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று அது மேசையில் மூடியே கிடந்தது. தற்காப்பு ஆள் ஒருவர் அவரை நெருங்கும்போதெல்லாம் அண்ணா பேச்சை நிறுத்திவிடுவார், பந்து கையைவிட்டுப் போனதும் தொடர்வார். டெக்சன்ஸ் 26-3 என்று ஜெயித்தது. ஸ்ட்ரௌட் எத்தனை யார்டு எறிந்தார் என்பதை, செவ்வாய்க்கிழமை தாளைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.