கருவாட்டுக் கிட்டங்கி, சினிமாக் கொட்டகை, என் சிமெண்ட்

16 ஏப்ரல் 2025, புதன்

தடைக்காலம் நேற்றுத் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபம் படகுகளுக்கு வேலைக்குப் போயிருந்த எங்கள் ஊர்ப் பையன்கள் பையும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்கள். மூடிக் கிடக்கிற சினிமாக் கொட்டகையைப் பழுதுபார்த்துத் திறக்கிற வேலையை இதற்காகத்தான் பொங்கலிலிருந்து தள்ளிப்போட்டு வந்தோம். இந்த ஊரில் ஆள் சும்மா இருப்பது இந்த இரண்டு மாதம்தான்.

கொட்டகை இருப்பது கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். அதற்கு ஒரு பெயர் உண்டு; அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் அது சினிமாவுக்குக் கட்டியதே இல்லை. கொழும்புக்குப் போகிற கருவாட்டை அடுக்கிவைக்கக் கட்டிய கிட்டங்கி. இரண்டடி கனத்தில் முருகைக்கல் (கடலில் எடுத்த பவளக்கல்) சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே வைரம் பாய்ந்த பனஞ்சட்டம், ஓடு. வியாபாரம் படுத்த பிறகு, கொட்டகைக்குச் சொந்தக்காரரான பாயின் தாத்தா ஒரு பக்கம் திரையைக் கட்டி, மறுபக்கம் மேடை எழுப்பி மிஷின் ரூம் வைத்தார். படப்பெட்டி வருவது நின்று எங்கும் டிஜிட்டல் ஆனபோது மூடினார்கள். பாய் இப்போது சென்னை மண்ணடியில் இருக்கிறார். கல்யாண மண்டபமாக்குவதாகத்தான் யோசனை. ஊர்க்கூட்டத்தில் கேட்ட பிறகு, "அஞ்சு வருஷம் வாடகை வேணாம், ஓட்டிக் காட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

நான் கொத்தனார், வயது 61. ஒன்றை இன்றைக்கே எழுதிவிடுகிறேன். அந்தச் சுவரைக் கெடுத்தவன் நான். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், காரை உதிர்கிறது என்று கூப்பிட்டார்கள். உள்பக்கம் முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு நாலு கலவையில் சிமெண்ட் பூசி, மட்டக்கோல் போட்டுக் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுத்தேன். அந்தக் கூலியில்தான் தாலிக்குப் பொன் எடுத்தது.

18 ஏப்ரல், வெள்ளி

பெரிய வெள்ளி. பையன்களில் பாதிப் பேர் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார்கள், வேலை இல்லை. ஆப்ரேட்டர் மாமா மட்டும் மிஷின் ரூமைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா பண்றீக?"

"காத்து வாங்கட்டும்னு திறந்து வச்சேன்" என்றார். மிஷினைச் சொல்கிறார்.

22 ஏப்ரல், செவ்வாய்

சிமெண்டை உடைக்க ஆரம்பித்தோம். உளியே தேவைப்படவில்லை. கைப்பிடியால் தட்டினால் பொக்குப் பொக்கென்று சத்தம். ஓரத்தில் நெம்பினால் இரண்டடிப் பாளமாகக் கழன்று வருகிறது. பாளத்தின் முன்பக்கம் இன்றைக்கும் நான் இழைத்த வழவழப்பு. பின்பக்கம் திருப்பினால் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை வெளேரென்று உப்பு. அதற்குப் பின்னால் இருந்த முருகைக்கல் விரலால் நோண்டினாலே மாவாகக் கொட்டுகிறது.

நடந்தது இதுதான். தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறும். மேலே சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும், உப்பு காரையில் பூக்கும், காரை உதிரும். காரை உதிர்ந்தால் மறுபடி பூசலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் ஈரத்தை விடாது. உப்பு உள்ளேயே பூத்து, பூக்கிற வேகத்தில் கல்லைத் தின்கிறது. அன்றைக்குக் காரை உதிர்ந்தது சீக்கு என்று நினைத்தேன். அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

இதை நான் கற்றுக்கொண்டது ஊரில் இல்லை, பஹ்ரைனில். முஹர்ரக்கில் பழைய முத்து வியாபாரிகளின் வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலைக்கு நாலு வருஷம் போயிருந்தேன். அவையும் கடலில் எடுத்த கல்தான். அங்கே ஒரு சுவரில் சிமெண்டைக் கழற்றச் சொன்ன அன்று எனக்கு இந்தக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் கருவாட்டு ஆத்தா வந்தாள். எண்பது தாண்டிய கட்டை. ஒரு பாளத்தை எடுத்து, உப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கடல் மட்டுமில்லடா. கருவாடும் இருக்கு."

பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கிட்டங்கியாக இருந்த காலம் முழுக்க உப்பும் மீன் தண்ணியும் அந்தத் தரையில்தான் இறங்கியிருக்கிறது.

28 ஏப்ரல், திங்கள்

ஓடு பிரிக்கிற வேலை இரண்டே நாளில் முடிந்தது. படகில் ஏறி இறங்குகிற பையன்கள், ஏணி கேட்கவே இல்லை. பனஞ்சட்டம் நாற்பத்திரண்டில் மூன்றுதான் மாற்ற வேண்டியிருக்கிறது.

கல்தான் பிரச்சினை. மாவாகிப்போன இடத்துக்குப் புதுக் கல் வைக்க வழியில்லை. பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து 2001இலிருந்து பாதுகாத்து வருகிறார்கள். எடுத்தால் வழக்கு, அது சரியும்கூட. பின்னால் இடிந்து கிடக்கிற மதிலிலிருந்து நல்ல கல்லைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

2 மே, வெள்ளி

தண்ணீர்ச் சண்டை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

சுவரில் இருக்கிற உப்பை இறக்காமல் மேலே எதைப் பூசினாலும் வீண். அதற்குக் காகிதக் கூழ் வைத்தியம். பழைய பேப்பரை ஊறப்போட்டு அரைத்து, களிமண் சேர்த்துப் பிசைந்து, சுவரில் ஓர் அங்குலக் கனத்துக்கு அப்ப வேண்டும். கூழின் ஈரம் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயக் காய உப்பு அதற்குள் வந்துவிடும். காய்ந்ததைப் பிய்த்துத் தூரப் போட்டுவிட்டு மறுபடி அப்ப வேண்டும். இரண்டு தடவை, சில இடத்தில் மூன்று.

கூழுக்கு நல்ல தண்ணி வேண்டும். ஊர்க் கிணறு உவர். உப்பை எடுக்க உப்புத் தண்ணியை ஊற்ற முடியாது. காவேரித் தண்ணி குழாயில் வந்தால் உண்டு, இல்லாத நாளில் குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வண்டிக்காரனிடம் வாங்குகிற ஊர் இது. நான் கணக்குப் போட்டுக் கமிட்டியில் சொன்னேன்: ஒரு சுவருக்கு ஒரு சுற்றுக்கு எண்பது குடம்.

சொல்லி வாய் மூடவில்லை, என் சொந்தத் தம்பி பெண்டாட்டியே எழுந்துவிட்டாள். "மச்சான், நாங்க குடத்த வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாயடியில நிக்கிறோம். நீங்க சொவத்துக்குத் தண்ணி காட்டப் போறீகளா?" பின்னாலிருந்து இன்னொருத்தி: "சினிமா பாக்காம ஒருத்தியும் சாகல."

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. கமிட்டித் தலைவர் ஏதோ பாரம்பரியம், பெருமை என்று ஆரம்பித்தார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் லாத்தா (முஸ்லிம் வீட்டு அக்கா) ஒருவர்தான் வழி சொன்னார். கொட்டகைக் கூரை அத்தனை அகலம் இருக்கிறதே, ஓடு மாற்றும்போது தாழ்வாரத்தில் தகரம் கட்டி மழைத் தண்ணியைப் பிடிக்கிற மாதிரி தொட்டி கட்டிக் கொடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் அந்தத் தண்ணி எங்கள் தெருவுக்கு. இப்போது வீட்டுக்கு ஒரு குடம் நாங்கள் தருகிறோம் என்றார். நான் அங்கேயே ஒத்துக்கொண்டேன். தொட்டிக்குச் செங்கல், மணல் என்று வேலை கூடுகிறது. கூடட்டும்.

5 மே, திங்கள்

நேற்று அக்கினி நட்சத்திரம் பிறந்தது. இன்று காலை ஆறு மணிக்குக் கொட்டகை வாசலில் குடங்கள். பிளாஸ்டிக், எவர்சில்வர், ஒரே ஒரு பித்தளை. எண்ணினேன்: 83. தம்பி பெண்டாட்டி குடமும் இருந்தது. ஆள் முகம் கொடுக்கவில்லை.

8 மே, வியாழன்

பள்ளிக்கூடம் லீவு என்பதால் பேப்பர் கிழிக்கிற வேலை பிள்ளைகளுக்கு. யாரோ ஒரு பையன் பரணிலிருந்து பழைய சினிமா நோட்டீஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். பச்சை, ரோஸ், மஞ்சள் தாள். ஊறப்போட இருந்ததை ஆப்ரேட்டர் மாமா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். நல்லவேளை. ஒவ்வொன்றின் அடியிலும் "தரை, பெஞ்சு, சேர்" என்று மூன்று கட்டணம். ஒரு ரோஸ் தாள் மட்டும் தொட்டிக்குள் விழுந்து, அன்றைக்குக் கூழ் முழுக்க வெளிறிய ரோஸ் நிறம்.

மாமாவிடம் பேச்சுக் கொடுத்தால் வேலை கெடும், ஆனாலும் கொடுத்தேன். ஆயிரம் அடி ரீல் 11 நிமிஷம் ஓடும். பக்கத்து ஊர்க் கொட்டகைக்கும் நமக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அங்கே ஓடி முடிந்த ரீலைப் பையன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான், நாம் அரை மணி தாமதமாக ஆரம்பித்திருப்போம். ஒருநாள் சைக்கிள் பஞ்சராகிவிட, இருபது நிமிஷம் வெள்ளைத் திரையைப் பார்த்து ஊரே விசில் அடித்ததாம். "நீ சிமெண்ட் பூசினதுக்கப்புறம் அந்த விசில்கூட ரெண்டு தடவை கேட்டுச்சு" என்றார். மனிதர் முப்பத்தைந்து வருஷமாக மனசில் வைத்திருந்திருக்கிறார்.

15 மே, வியாழன்

சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுட்டது, பொங்கல் முடிந்தே நீற்றித் தண்ணிக்குள் போட்டு வைத்தது, இப்போது வெண்ணெய் மாதிரி இருக்கிறது. கடுக்காயைத் தட்டி, கருப்பட்டியோடு பானையில் ஊறப்போட்டு இன்றைக்குப் பதினோராம் நாள். நுரை தள்ளி ஒரு புளிச்ச வாடை. பக்கத்து டீக்கடைக்காரர் கள் என்று சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கருப்பட்டி சாயல்குடிப் பக்கமிருந்து வந்தது. பதநீர் காலம்தான், ஆனாலும் முதலில் வந்த பத்துக் கிலோவில் சீனி கலப்பு. உடைத்தால் பளபளவென்று மின்னியது. திருப்பி அனுப்பினோம்.

29 மே, வியாழன்

வடக்குச் சுவர் முதல் பூச்சு ஆகிவிட்டது. கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. இந்தக் காற்றில் சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு விடும். சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணி தெளிக்கிறேன். பெண்டாட்டி "சின்ன வீடு வச்சிருக்கிற ஆள்கூட இப்படி எழுந்திருச்சுப் போகமாட்டான்" என்கிறாள்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவே இருந்த குட்டைச் சுவரை வைப்பதா இடிப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இடி என்கிறார்கள். அவர்களின் அம்மாமார் வேண்டாம், சாய்ந்துகொண்டு காலை நீட்டி உட்கார அதுதான் வசதி என்கிறார்கள். நான் அதைத் தொடவில்லை.

7 ஜூன், சனி

பக்ரீத். மதியம் மூன்று வீட்டுப் பிரியாணி. வேலை நடந்ததாகச் சொல்ல முடியாது.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்ததில், நாலு பையன்கள் ஆளுக்கு ஐந்நூறு கொட்டகைக்கு எழுதினார்கள். ரசீது போட்டுக் கொடுத்தோம். லைசென்ஸ் மனு கலெக்டர் ஆபீசுக்குப் போயாகிவிட்டது. 1955ஆம் வருஷச் சட்டப்படி அவர்தான் தர வேண்டும். கட்டடம், கரண்டு, தீயணைப்பு என்று ஒவ்வொருவராக வந்து பார்த்த பிறகுதான் படம்.

12 ஜூன், வியாழன்

பையன்கள் நாளை மறுநாள் பாம்பனுக்குக் கிளம்புகிறார்கள். படம் போட முடியாது. வெளிச்சமாவது காட்டுவோம் என்றார் ஆப்ரேட்டர் மாமா.

இனிமேல் ஓடப்போவது டிஜிட்டல் மிஷின்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் பெட்டிக்குள் வேட்டித் துணியில் சுற்றி, பழைய மிஷினில் விளக்காக எரிகிற கார்பன் குச்சி ஒரு ஜோடி வைத்திருந்தார். செம்பு பூசியது, ஒன்று தடி, ஒன்று மெலிசு. அதற்கு டி.சி. கரண்டு கொடுக்கிற ரெக்டிஃபையர் எப்போதோ செத்துவிட்டது. வெல்டிங் பட்டறைத் தம்பி தன்னுடைய டி.சி. செட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இரண்டு வயரை இழுத்துக் கொடுத்தான். புகைபோக்கிக்குள் மைனா கூடு; அதை எடுத்துப் பின் மரத்தில் வைத்தோம்.

திரை, படகுப் பாய் தைக்கிற பெரியவர் தைத்தது. நாலு பக்கமும் கண்ணி போட்டுக் கயிற்றால் சட்டத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். மாமா இரண்டு குச்சியையும் முட்டவைத்து மெல்லப் பிரித்தார். சீறின சத்தம். பிறகு அந்த வெளிச்சம். எல்.இ.டி. பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு வெள்ளை. திரையில் மூன்று இடத்தில் சுருக்கம் தெரிந்தது. "இழுங்கடா கீழ் மூலையை!" என்று பெரியவர் இருட்டிலிருந்து கத்தினார். வலை இழுக்கிற கைகள், ஒரே இழுப்பில் நேராகிவிட்டது.

எதிரில் திரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் தெற்குச் சுவர் தெரிந்தது. அது இன்னும் பூசாத வெறும் சுவர், இரண்டு சுற்றுக் கூழ் முடிந்தது. அடியிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் பொடிப் பொடியாக மினுங்கியது.

"ஏ, சொவத்தப் பாருங்க, நட்சத்திரம் மாதிரி!" என்று பிள்ளைகள் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் அழகு என்றார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

13 ஜூன், வெள்ளி

காலையில் கருவாட்டு ஆத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். தெற்குச் சுவரில் விரலை வைத்து நாக்கில் தொட்டாள். இன்னோர் இடம், இன்னோர் இடம்.

"கருவாடு போயிருச்சு" என்றாள். "கடல்தான் இருக்கு இன்னும்."

மூன்றாம் சுற்று. எண்பது குடம். தம்பி வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், எந்த வீட்டில் எத்தனை குடம் என்று தானே எழுதிவைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தொட்டிக்கு அஸ்திவாரம் எப்போது என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன்.