மழைக்கு முந்தைய வாரங்கள்: ஜிம்பாப்வே நாட்குறிப்பு

12 அக்டோபர் 2024, சனி

ஹராரேக்கு வடக்கே 30 கிலோமீட்டர் போனால் டோம்போஷாவா. மொட்டைக் கருங்கல் குன்று. பத்து மணிக்கே கால் சுடுகிறது. குகைச் சுவரில் குடு மானும் யானையும். வரைந்தவர்கள் இன்று நாட்டில் பெரும்பான்மையாக இருக்கும் ஷோனா இனத்தார் அல்ல. அவர்களுக்கு வெகுகாலம் முன்பு இங்கே வேட்டையாடித் திரிந்தவர்கள். பின்னால் வந்த ஷோனாக்களுக்கு ஓவியத்தைவிடப் பாறையில் மேலே போகும் துளைதான் பெரிது. மழை கேட்டுக் குகைக்குள் தீ மூட்டுவார்கள். புகை துளை வழியே உச்சியில் வெளிப்பட்டால் முன்னோர் ஒப்புக்கொண்டார்கள் என்று பொருள்.

சிக்கலும் அந்தப் புகையால்தான். அது ஓவியத்தைக் கெடுக்கும் என்பது தொல்லியல்காரர்களின் கவலை. குகை எங்களுடையது, உள்ளே போக யாரைக் கேட்க வேண்டும் என்பது ஊராரின் கேள்வி. 1998-ல் யாரோ ஓவியங்கள் மேல் பெயின்டைப் பூசிவிட்டார்கள். அதை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும், புழக்கத்தில் இருந்த இடத்தை வேடிக்கை பார்க்கும் இடமாக்கினால் கோபம் வராமல் இருக்குமா?

20 அக்டோபர், ஞாயிறு

அலுவலக நண்பர் ஊருக்குப் போய் வந்தார். அங்கே முக்வெரேரா, அதாவது மழை வேண்டல். கேழ்வரகில் பீர் காய்ச்சி ஹாச்சா மரத்தடியில் ஊற்றுவார்கள். காய்ச்சுவது மாதவிடாய் நின்ற பெண்கள். அந்த மரத்தை யாரும் வெட்ட மாட்டார்களாம். எல் நீன்யோவில், அதாவது பசிபிக் கடல் சூடேறி வானிலை மாறியதில், போன பருவம் பொய்த்து, ஏப்ரலில் அரசே வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. அதனால் இந்தத் தடவை கூட்டம் அதிகம் என்றார்.

27 அக்டோபர், ஞாயிறு

சின்ஹோயி குகைகள். கீழே குளத்தில் அப்படி ஒரு நீலம்! இந்தக் கரையிலிருந்து கல்லெறிந்தால் அந்தக் கரையைத் தொடாது என்பார்கள். எறிந்து பார்க்கவில்லை. குளத்துக்குள் ஞுசு என்ற நீர்ஆவி இருக்கிறதாம். அது இழுத்துக்கொண்டு போனவர்களுக்காக வீட்டில் அழக்கூடாது; அழாமல் இருந்தால் ஒருநாள் வைத்தியம் கற்ற நங்காவாகத் திரும்பி வருவார்கள் என்பது நம்பிக்கை. வீட்டாருக்கு எவ்வளவு கொடுமையான நிபந்தனை!

2 நவம்பர், சனி

நவம்பர் பிறந்தால் ஷோனாக்களுக்கு ம்புட்ஸி மாதம். சடங்கு கிடையாது, கல்யாணமும் கிடையாது. பக்கத்து வீட்டுக் கல்யாணம் டிசம்பருக்குப் போய்விட்டது. சரி, விருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

23 நவம்பர், சனி

நியாங்கானி. 2,592 மீட்டர், நாட்டிலேயே உயரமான மலை. ஏறும் முன் வழிகாட்டி சொன்னது: விசித்திரமாக எதைப் பார்த்தாலும் "அட, இது என்ன!" என்று கத்தக் கூடாது, மலையைக் கேலி பேசக் கூடாது. மீறினால் மலை ஆளை மறைத்துவிடும். இங்கே காணாமல் போனவர்கள் உண்மையிலேயே உண்டு. நொடியில் மூடும் பனிமூட்டத்தைப் பார்த்தபோது எனக்குக் காரணம் புரிந்தது. வழிகாட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

புனிதக் காடுகளிலும் இதே மாதிரி ஒரு விதி உண்டு என்றார். பழத்தை வயிறு நிறையத் தின்னலாம், மூட்டை கட்டக் கூடாது, புளிக்கிறது என்று குறை சொல்லவும் கூடாது. இறங்கும் வழியில் சாலையோரம் மஜாஞ்சே பழம் விற்றார்கள். அது சந்தைச் சரக்கு; ஒரு வாளி வாங்கினோம். பாதி புளிப்பு. வண்டியில் யாரும் வாய் திறக்கவில்லை.