கொல்லையைத் திருத்தியபோது

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லை, 2018 நவம்பர் 16 அன்று விடியற்காலையில் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு மெல்ல மெல்ல ஆள் நுழைய முடியாத புதராகிப் போனது. சாய்ந்த தென்னைகளில் விலைபோனவற்றை விற்றோம்; மற்றவை விழுந்த இடத்திலேயே கிடந்து மட்கின. அப்பா காலமான பின் அம்மாவும் எங்களோடு நகரத்துக்கு வந்துவிட்டதால், பூட்டிய வீட்டின் பின்னால் சீமைக்கருவையும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் கேட்பாரின்றி வளர்ந்தன. இந்த ஆண்டு கோடையில்தான் அதைத் திருத்தும் வேலையைத் தொடங்கினோம்.

ஊரில் யாரைக் கேட்டாலும், ஜேசிபியை விட்டு ஒரே நாளில் வழித்துவிடலாம் என்றே சொன்னார்கள். செலவும் குறைவுதான். ஆனால் அந்த இயந்திரம் வழித்தெடுப்பது புதரை மட்டுமன்று. பல ஆண்டுகளாக இலையும் மட்டையும் விழுந்து மட்கிக் கறுத்திருந்த மேல்மண்ணையும் சேர்த்து வேலியோரம் தள்ளிவிட்டு, எஞ்சிய தரையைச் சக்கரத்தால் இறுக்கிவிட்டுப் போகும். கோரை மண்டிய நிலத்திலோ கிழங்குகளைக் கொல்லை முழுவதும் பரப்பிவிடும். ஆகவே கடப்பாரை, மண்வெட்டி, அரிவாளோடு கூலிக்கு ஆள் வைத்தே செய்வதென்று முடிவு செய்தோம்.

வீட்டை ஒட்டிய பக்கத்தில் தொடங்கி வேலியை நோக்கி நகர்ந்தோம். பாம்பு இருந்தால் அது வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதே காரணம். சாரை ஒன்று அவ்வாறே அடுத்த வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் அகற்ற வேண்டியிருந்தவை மட்கிய தென்னந்துண்டுகள். கடப்பாரையால் ஒன்றைப் பிளந்தபோது, ஈரமான நார்த்தூளுக்குள் பழுப்புத் தலையும் பருத்த வெள்ளை உடலுமாக வளைந்து சுருண்ட புழுக்கள் கிடந்தன. காண்டாமிருக வண்டின் புழுக்கள் அவை. வளர்ந்து வண்டானதும் தென்னையின் குருத்தைக் குடைபவை. குருத்து விரியும்போது ஓலையில் விசிறி வடிவில் கத்தரித்தது போன்ற வெட்டு தெரியும். இந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு புதுத் தென்னங்கன்று நடுவதில் பொருளே இல்லை. எல்லாவற்றையும் பிளந்து போட்டோம். பக்கத்து வீட்டுக் கோழிகள் மீதியைப் பார்த்துக்கொண்டன.

சீமைக்கருவையைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். ஆகையால் ஒவ்வொன்றையும் சுற்றித் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே ஓரடி ஆழம்வரை வெட்டி எடுத்தோம். உடம்பை முறிக்கும் வேலை அது. பார்த்தீனியத்தின் மகரந்தமும் சுணையும் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் என்பதால், கையுறை அணிந்து முகத்தில் துணி கட்டிக்கொண்டு பிடுங்கினோம். பூக்காதவற்றை எருக்குழியில் போட்டோம். பூத்தவற்றைத் தனியே உலர்த்தி எரித்தோம்.

களையெடுக்க வந்த மூதாட்டியை நான் பெரியம்மா என்றே அழைத்தேன். தரையோடு படர்ந்த ஒரு கொடியின்மேல் நான் களைக்கொத்தை வைத்தபோது அவர் தடுத்தார். "அது மூக்கிரட்டை தம்பி, பருப்புப் போட்டுக் கடைஞ்சா அவ்வளவு நல்லாருக்கும். அதப்போய் வெட்டுறீங்களே" என்றார். அவர் சொன்னபடி மூக்கிரட்டையும் கீழாநெல்லியும் வேலியில் ஏறியிருந்த முடக்கத்தானும் தப்பின. வெறுந்தரையாக மின்னினால்தான் சுத்தம் என்று எண்ணுபவர்கள், கீரைக்கட்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும்போது என்ன நினைப்பார்களோ!

கோரைதான் நெடுநாள் இழுத்தது. மேலே பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும். சங்கிலியாகக் கோத்த கிழங்குகள் உள்ளேயே இருந்து மறுபடியும் முளைக்கும். சித்திரை வெயிலில் ஆழக் கொத்திக் கட்டிகளைப் புரட்டிப்போட்டுக் கிழங்குகளைக் காயவிட்டோம். பின்னர் தண்ணீர் விட்டு, முளைத்தவற்றை மீண்டும் கொத்திவிட்டு, சணப்பையை நெருக்கமாக விதைத்தோம். கோரைக்கு நிழல் ஆகாது. ஆள் உயரம் வளரும் சணப்பை அதை அடக்கியது. நாற்பத்தைந்து நாளில் பூ எடுக்கும் தருணத்தில் அதை மடக்கி மண்ணோடு சேர்த்துவிட்டால் அதுவே தழையுரம். கோரை முற்றிலும் அழிந்துவிடவில்லை. கட்டுக்குள் இருக்கிறது, அவ்வளவே.

நடுவதில் புயலை நினைவில் வைத்தே முடிவெடுத்தோம். வேலியோரம் பூவரசம்போத்துகள். முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பதால் அதை வீட்டுக் கூரைக்கு எட்டாத தொலைவில் வைத்து, ஆண்டுதோறும் காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்வதாகத் திட்டம். துவைகல்லின் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் முதலில் கல்வாழை, அதைத் தாண்டிப் பூவன் வாழை. கிணற்றடிக்குப் பக்கத்தில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும். எலுமிச்சைக் கன்றின் இலையில் பறவையின் எச்சத்தைப் போலவே தோன்றும் சிறு புழுக்கள் இப்போதே வந்துவிட்டன. அவை வண்ணத்துப்பூச்சியாகும் புழுக்கள் என்பதால் மருந்து தெளிக்காமல், சிலவற்றை மட்டும் கையால் எடுத்துவிடுகிறோம்.

தென்னையில்தான் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். அப்பா நெருக்கி நட்டிருந்தார். நான் 25 அடி இடைவெளி என்கிறேன், அதனால் மரங்களின் எண்ணிக்கை குறைகிறது. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகுமே, அதுவரை நடுவில் உள்ள இடம் சும்மா கிடக்குமா என்று அம்மா கேட்டார். இடையில் வாழை போடலாம் என்றதும் ஒருவாறு சம்மதித்தார். மூன்றடிக்கு மூன்றடி குழிகள் எடுத்து ஆறவிட்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அவற்றை மட்டும் தவிர்த்துவிட்டுத் தை மாதத்தில் கன்று வைக்கப் போகிறோம்.