செட்டிநாட்டு ஊர் ஒன்றைப் பழைய படத்தில் தேடுதல்: இதுவரை

பழைய படத்தை இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் பொருத்தி, ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் எங்கே ஓடியது என்று பார்ப்பதே வேலை. செட்டிநாடு ஒரே தாளில் அடங்காது. மைலுக்கு ஓர் அங்குலம் (1:63,360) என்ற அளவில் வந்த சர்வே ஆஃப் இந்தியா தாள்களில் காரைக்குடியும் கானாடுகாத்தானும் 58 ஜே/16, பிள்ளையார்பட்டி 58 ஜே/12, தேவகோட்டை 58 கே/13. சிவகங்கை மாவட்டம் என்று தேடினால் பழையது சிக்காது. 1985 வரை ராமநாதபுரம்தான். அச்சான ஆண்டை நம்பவும் கூடாது. சர்வே செய்த ஆண்டு ஓரத்தில் தனியாக இருக்கும். காரைக்குடி வழியாகப் போகும் புதுக்கோட்டை–மானாமதுரை ரயில் பாதை 1930இல் வந்தது. அது இல்லாத தாள் அதற்கு முந்தைய நிலவரம்.

அடுத்தது கிராமப் படம், மைலுக்கு 16 அங்குலம். அதாவது ஓர் அங்குலத்தில் ஐந்து சங்கிலி, 330 அடி. அங்குலத்துக்கு 400 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி தரையில் 25 செ.மீ. நகல் காகிதம் நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் ஒரு மாதிரியும் சுருங்கியிருக்கும், அதனால் இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டே க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்ற வேண்டும்.

அதிகம் சொதப்புவது படத்தின் புள்ளியைத் தரையின் புள்ளியோடு பொருத்தும் இடத்தில். கண்மாயின் நீர் விளிம்பைப் பிடிக்கக் கூடாது. அது ஐப்பசியில் ஓரிடம், சித்திரையில் ஓரிடம். கரை முனை, மடை, கலுங்கு, கோயில், மூன்று கிராம எல்லை கூடும் முச்சந்திக் கல் ஆகியவை நகராதவை. மூன்று புள்ளியிலேயே படத்தைப் பொருத்தும் முதல்படிக் கணக்கு ஓடிவிடும், ஆனால் பிழை எங்கே என்று காட்டாது. பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைப் படம் முழுக்கப் பரப்பி வைத்தால் தவறான புள்ளி தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மைல் தாளை அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துப் பொருத்துபவர்கள் அந்தத் தாள்களுக்கு அடிப்படையான எவரெஸ்ட் என்ற பூமி வடிவக் கணக்கைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ஊர் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். இன்னும் பழைய சில தாள்களில் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையே பிசகியிருப்பதால் நாலரை கிலோமீட்டர் வரை கிழக்கு மேற்கில் ஆடும். அதைக் கோளாறு என்று நினைத்துத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம்.

வீடுகளைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலுமாக நிற்கும் அத்தனை பெரிய வீடுகளும் கிராமப் படத்தில் பெரும்பாலும் 'நத்தம்' (குடியிருப்பு நிலம்) என்ற ஒற்றை சர்வே எண்ணுக்குள் வெற்றிடமாகக் கிடக்கும். படம் வாய் திறப்பது தண்ணீரைப் பற்றித்தான். ஊருணிக்கு ஓர் எண், அதற்கு வரும் வரத்துக்காலுக்குத் தனி எண். அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் புறம்போக்கு, வாய்க்கால் என்று வகையும் பரப்பும் கிடைக்கும். பழைய பதிவேடு ஏக்கர், சென்ட். புதியது ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்). ஒரு சென்ட் 0.4047 ஏர். எண்ணே மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் ஒப்பிடும் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாமல் இறங்கினால் அடுத்தவர் தோட்டத்தில் போய் வாய்க்கால் தேட நேரும்.

இப்போது சாட்டிலைட் படத்தின் மேல் வரத்துக்கால் கோட்டை நீலத்தில் வரைந்தாயிற்று. கோடு மூன்று இடங்களில் தார்ச்சாலையை வெட்டுகிறது. இரண்டில் சாலைக்கு அடியில் சிறுபாலம் இருக்கிறது. மூன்றாவதில் இல்லை, மேல்புறம் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அங்கே புலப்படத்தில் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான அளவுப் படம்) உள்ள லிங்க் அளவை டேப்பில் பிடித்துப் பார்க்க வேண்டும்: ஒரு லிங்க் 20.12 செ.மீ. மழைக்கு முன் போனால்தான் முள்ளுக்குள் சர்வே கல் தெரியும்.