டால்பட்டில் ஊரில் வேர் தேடல்: ஒரு வேலை நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

இங்கிலாந்தின் தென்மேற்கே டோர்செட் மாவட்டத்தில், பிடல் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் டால்பட்டில். வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8, பிறகு 7 என்று இறங்கி, 6 ஆகப் போகிறது என்ற நிலையில் 1833-இல் இங்கே கூலியாட்கள் சங்கம் அமைத்தார்கள். மறு வருஷம் மார்ச்சில் ஆறு பேருக்கு ஆஸ்திரேலியாவுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை. சட்டவிரோதமாகச் சத்தியம் செய்வித்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

வம்சாவளி தேடப் பழகுவோருக்கு, 'டால்பட்டில் தியாகிகள்' எனப்படும் இந்த ஆறு பேரைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஜார்ஜ் லவ்லெஸும் ஜேம்ஸ் லவ்லெஸும் உடன்பிறந்தவர்கள். தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட் அவர்களுடைய சகோதரியைக் கட்டியவர். அவர் மகன் ஜானுக்கு லவ்லெஸ் சகோதரர்கள் தாய்மாமன்கள். ஜேம்ஸ் பிரைன் பின்னாளில் ஜானின் உடன்பிறந்தவளை மணந்தார். ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் உறவுக்கு வெளியே. மன்னிப்புக் கிடைத்துத் திரும்பியபின் ஐவர் ஊரில் நிலைக்கவில்லை, ஹாமெட் நிலைத்தார். போனவரைத் தேடும் வழியையும் இருந்தவரைத் தேடும் வழியையும் ஒரே ஊரில் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்: அந்த வருஷம், அந்த இடத்தில், இந்த மனிதரை எழுதி வைக்கக் கடமைப்பட்டவர் யார்? பாதிரியாரா, கணக்கெடுப்பாளரா, சிறை எழுத்தரா? பெயரைத் தேடுபெட்டியில் போட்டு வருவதை அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த வீட்டுக் கிழவரைத் தாத்தாவாக்கிக்கொள்கிறார்கள்.

ஜனவரி 9

முதலில் பாதிரியார். ஆலயப் பதிவேடு எழுத 1538-இல் உத்தரவு வந்தது. 1598-இல் பழையதைத் தோல்தாளில் படியெடுக்கச் சொன்னபோது, முதலாம் எலிசபெத் ஆட்சி தொடங்கிய 1558 முதலாவது எழுதுங்கள் என்றார்கள். பல ஊர்களில் ஏடு 1558-இல் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். அப்போதிருந்து ஆண்டுதோறும் ஒரு நகல் மேற்றிராணியாருக்கும் (பிஷப்) போனது. ஊர் ஏடு கிழிந்திருந்தாலோ எலி தின்றிருந்தாலோ அந்த நகலைக் கேளுங்கள். இரண்டும் இருந்தாலும் ஒப்பிடுங்கள். நகலில் விட்டுப்போன வரிகளும் உண்டு, கூடுதல் தகவலும் உண்டு. உள்நாட்டுப் போரை ஒட்டிய 1642–1660 காலத்தில் பல ஏடுகள் வெறுமையாக இருக்கும். அந்த இடைவெளியை ஊகத்தால் ஒட்டாதீர்கள்.

1754 மார்ச் 25 முதல் திருமணத்துக்குத் தனி ஏடு, ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்த பதிவு, சாட்சிகளின் கையெழுத்து. சாட்சிகளை விடவே கூடாது. பாதி நேரம் அவர்கள் மணமக்களின் உடன்பிறந்தோர். எல்லாத் திருமணத்திலும் ஒரே பெயர் சாட்சியாக வந்தால் அவர் ஆலய எழுத்தர். உறவென்று எண்ண வேண்டாம். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்துவிட்டது. ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் தொழிலும் குடியிருப்பும் இருக்கும், அடக்கப் பதிவில் வயது இருக்கும்.

1783-இலிருந்து 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி. ஏழைகளுக்கு விலக்கு. வரிக்குப் பயந்து ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்ட வீடுகள் இருந்தன. 1795-க்குப் பிறகு ஒரே நாளில் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தால் இரட்டையர் மூவர் என்று குழம்ப வேண்டாம்.

ஜனவரி 10

1752-க்கு முன் இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25-இல் பிறந்தது. ஏட்டில் '1720 பிப்ரவரி' என்றால் நம் கணக்கில் 1721. குறிப்பில் '1720/21' என்று இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் '1720 ஏப்ரல்' திருமணமும் '1720 பிப்ரவரி' குழந்தையும் தலைகீழாகத் தெரியும், தாயின் பெயருக்கு வீண் பழி சேரும். ஏடுகள் 1733 வரை லத்தீனிலும் வரலாம். யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம்.

ஜனவரி 14

எழுத்துக்கூட்டல். லவ்லெஸ் என்ற பெயரின் கடைசி இரண்டு 'எஸ்' எழுத்துகளில் முதலாவதைப் பழைய கையெழுத்தில் நீட்டி எழுதினார்கள். பார்க்க 'எஃப்' போலிருக்கும். இன்டெக்ஸ் தயாரித்தவர் அதை எஃப் என்றே தட்டியிருந்தால் நீங்கள் தேடும் லவ்லெஸ் கிடைக்கமாட்டார். ஸ்டாண்ட்ஃபீல்டில் நடுவிலுள்ள 'டி' பலமுறை விழுந்துவிடும். ஹாமெட்டில் 'எம்' ஒன்றாகும், 'டி' ஒன்றாகும். பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டி நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். அதிலும் அகப்படாவிட்டால் குடும்பப் பெயரையே நீக்கிவிட்டு, ஊர், ஞானஸ்நானப் பெயர், வயது மூன்றை மட்டும் கொடுங்கள். பெரும்பாலான கூலியாட்களுக்கு எழுதத் தெரியாது. பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். எங்கள் பெயருக்கு இப்படித்தான் எழுத்து என்று ஒரு குடும்பம் இன்று அடித்துச் சொல்வதற்கு அன்று பொருளே இல்லை.

இன்னொரு பிழை, மிகக் கேடானது: ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் முன்னோர் கிடைத்துவிட்டார் என்று முடிவு கட்டுவது. அடுத்த பத்தாண்டின் அடக்கப் பதிவையும் பாருங்கள். அந்தக் குழந்தை இறந்து, அதே பெயர் அடுத்த குழந்தைக்கு வைக்கப்பட்டிருக்கலாம். மண்ணுக்குள் போன குழந்தைக்கு ஏழு தலைமுறை வாரிசு எழுதிய மரங்கள் இணையத்தில் நிறைய.

ஜனவரி 21

ஹாமெட்டைத் தவிர மற்ற ஐவரும் மெதடிஸ்டுகள், அதாவது ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பிரிந்த கிறிஸ்தவப் பிரிவினர்; ஜார்ஜ் உபதேசியாரும்கூட. இதனால் பாதை இரண்டாகப் பிரிகிறது. 1754-இலிருந்து 1837 வரை குவேக்கர், யூதர் தவிர எல்லோரும் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும். ஆகவே மெதடிஸ்டுகளின் திருமணமும் ஊர்க்கோவில் ஏட்டில் இருக்கும். ஞானஸ்நானம் மட்டும் வேறிடத்தில் இருக்கலாம். மெதடிஸ்ட் ஏடு ஊருக்கு ஒன்று கிடையாது, பல ஊர்கள் சேர்ந்த சர்க்யூட்டுக்கு ஒன்று. டால்பட்டில் பெயரில் தேடினால் வராது. சர்க்யூட் தலைமையூரின் பெயரில் தேட வேண்டும். 1837-க்குப் பின் அரசிடம் ஒப்படைத்த இந்த ஏடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன.

ஜனவரி 28

இனி கணக்கெடுப்பாளர். 1836 மார்ச்சில் ஆறு பேருக்கும் மன்னிப்பு வந்தது. ஜார்ஜ் 1837-இலும், ஹாமெட் தவிர மற்றவர்கள் 1838-இலும் நாடு திரும்பினார்கள். ஆதரவாளர்கள் பணம் திரட்டி எசெக்ஸ் மாவட்டத்தில் ஆங்கருக்கு அருகே பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். ஆக 1841 ஜூன் 6 கணக்கெடுப்பில் லவ்லெஸ் வீட்டை டோர்செட்டில் தேடினால் காணோம் என்றுதான் வரும்.

1841 தாளில் உறவுமுறை கிடையாது, பிறந்த ஊர் கிடையாது. 'இதே மாவட்டத்தில் பிறந்தவரா' என்ற கட்டத்தில் ஆம், இல்லை மட்டும். எசெக்ஸ் பண்ணை ஒன்றில் வீட்டார் பலருக்கும் 'இல்லை' என்றிருந்தால் அதுவே முதல் துப்பு. 15 வயதுக்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 1797 மார்ச்சில் பிறந்த ஜார்ஜுக்கு அன்று 44 வயது. தாளில் 40 என்று வர வேண்டும். 1811 டிசம்பரில் பிறந்த ஹாமெட்டுக்கு 29, தாளில் 25. 1841-லிருந்து 40-ஐக் கழித்து '1801-இல் பிறந்தவர்' என்று எழுதினால் நான்கு வருஷம் தப்பு. எல்லா எழுத்தரும் விதியைக் கடைப்பிடிக்கவில்லை, சிலர் உள்ள வயதையே எழுதினார்கள். அதனால் அதே பக்கத்திலுள்ள மற்ற வயதுகளைப் பார்த்து எழுத்தரின் பழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1851 முதல் உறவும் பிறந்த ஊரும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் அன்று 'சன் இன் லா' என்ற சொல் மருமகனையும் குறித்தது, மனைவிக்கு முந்திய கணவர் வழியில் பிறந்த பிள்ளையையும் குறித்தது. மாமன், மச்சான், கொழுந்தன், சகலை என்று பிரித்துச் சொல்லப் பழகிய நமக்கு இந்த மொழியின் உறவுச் சொற்கள் மிகவும் தளர்வானவை. திருமணப் பதிவைக் கண்டு உறுதி செய்யாமல் உறவைக் கோடு போட்டு இணைக்காதீர்கள்.

1911 தாளை வீட்டுக்காரரே நிரப்பினார். மணமாகி எத்தனை வருஷம், பெற்ற பிள்ளைகள் எத்தனை, இருப்போர் எத்தனை, இறந்தோர் எத்தனை என்ற கேள்விகள் அதில் உண்டு. பெயரே தெரியாத குழந்தைகள் இருந்தார்கள் என்பது பல குடும்பங்களுக்கு இங்கேதான் தெரியவருகிறது. 1931 தாள்கள் 1942-இல் தீயில் அழிந்தன, 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1921-க்குப் பிறகு துணை, 1939 செப்டம்பர் 29-இல் எடுத்த பதிவு ஒன்றுதான்.

பிப்ரவரி 4

அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. இன்டெக்ஸில் ஊர்ப் பெயர் இருக்காது, பதிவு மாவட்டம் இருக்கும். டால்பட்டிலுக்கு டார்செஸ்டர் என்று பாருங்கள். காலாண்டு என்பது பதிவு செய்த காலாண்டு. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பர்க் குழந்தை மறு வருஷத்து மார்ச் காலாண்டில் வரலாம். 1875-க்கு முன் பதியாமல் விட்ட பிறப்புகளும் உண்டு.

பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய இன்டெக்ஸில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் இருக்கிறது. பழைய அச்சு இன்டெக்ஸில் அது 1911-இல்தான் வந்தது. ஒரே பெயரில் இரண்டு ஜேம்ஸ்கள் இருந்தால் இந்தக் கட்டம் அவர்களைப் பிரித்துவிடும். அங்கே பிறப்பும் இறப்பும் மட்டும்தான், திருமணத்துக்கு ஃப்ரீபிஎம்டி என்ற இலவச இணையதளம். பழைய பதிவுகளுக்குப் படநகல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், காகிதச் சான்றிதழைவிட மிகவும் மலிவு.

1839-இல் எசெக்ஸின் கிரீன்ஸ்டெட் ஆலயத்தில் பிரைன் எலிசபெத் ஸ்டாண்ட்ஃபீல்டை மணந்தார். அரசுப் பதிவு வந்துவிட்ட காலமாதலால் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் பதிவில் இடம்பெற வேண்டும். தாய்மார் பெயருக்கு 2021 மே வரை இங்கிலாந்தின் திருமணப் பதிவில் இடமே இல்லை. 184 வருஷம் தாய் வழி தேடியவர்களெல்லாம் இந்த ஒரு குறையால் பட்ட பாடு சொல்லி மாளாது.

பிப்ரவரி 11

ஏழைக் கூலியின் உடல் எப்படி இருந்தது என்று எழுதி வைத்தவர் பெரும்பாலும் தண்டனை எழுத்தர்தான். ஜார்ஜ் நோயுற்றுப் பின்தங்கியதால் வில்லியம் மெட்கால்ஃப் கப்பலில் வான் டீமன்ஸ் லேண்டுக்கு, இன்றைய டாஸ்மேனியாவுக்குப் போனார். மற்ற ஐவரும் சர்ரி கப்பலில் நியூ சவுத் வேல்ஸ் போனார்கள். ஆக ஒரே வழக்கின் தாள்கள் மூன்று இடத்தில் கிடக்கின்றன. கியூவில் எச்ஓ 11 வரிசையில் கப்பல் வாரியான பட்டியல் இருக்கிறது. அதில் பெயர், தீர்ப்பான இடம், தேதி, தண்டனை மட்டும். உயரம், கண் நிறம், தழும்பு, படிப்பு, தொழில், பிறந்த ஊர் எல்லாம் ஹோபார்ட், சிட்னி காப்பகத் தாள்களில்.

முதலில் கப்பல் பெயரையும் வந்த ஆண்டையும் உறுதி செய்யுங்கள். ஆஸ்திரேலியத் தாள்கள் பெரும்பாலும் கப்பல் வாரியாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. தீர்ப்பான ஊரைப் பிறந்த ஊராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 20

1840-களின் நடுவில் ஐந்து குடும்பங்களும் எசெக்ஸை விட்டுக் கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகரப் பக்கம் போய்விட்டன. கப்பல் பட்டியல் தேடி நாட்களைக் கரைக்க வேண்டாம். பிரிட்டனை விட்டுப் போனவர்களின் பட்டியல் 1890-இலிருந்தும், கியூபெக் துறைமுகப் பட்டியல் 1865-இலிருந்தும்தான் இருக்கின்றன. கனடாவின் 1842 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். 1852 ஜனவரியில் எடுத்ததில் எல்லோர் பெயரும் உண்டு. ஆனால் பிறந்த இடம் 'இங்கிலாந்து' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும், சில பகுதிகளின் தாள்கள் தொலைந்தும் போயின.

அப்போது துணைக்கு வருவது சமயக் கட்டம். மெதடிஸ்ட் என்றிருந்தால் அந்த ஆலய ஏடு, கல்லறை, நிலப்பத்திரம் என்று அடுத்தடுத்துப் போங்கள். ஜார்ஜ் 1874-இல் இறந்து ஒன்டாரியோ லண்டனுக்கு அருகே சைலோம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். பிரைன் 1902 வரை வாழ்ந்தார். தண்டனைக் கதையைப் பிள்ளைகளிடம்கூட இவர்கள் பேசவில்லை என்று சொல்வார்கள். வீட்டுக் கதையில் ஒரு ஊரின் பெயரே இல்லாவிட்டால், மறதி என்று மட்டும் நினைக்காதீர்கள், மறைத்திருக்கவும் கூடும்.

மார்ச் 4

ஹாமெட் 1839-இல் திரும்பி, ஊரிலேயே வாழ்ந்து, 1891-இல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் இறந்தார். ஊரில் இருந்தவர்கூட முதுமையில் இப்படி வேறிடத்துப் பதிவுக்குள் போய்விடுகிறார். 1834-க்குப் பிறகு ஏழை நிவாரணத்துக்காகப் பல ஊர்கள் சேர்ந்து யூனியன் ஆயின, விடுதி யூனியன் தலைமையூரில் இருந்தது. ஆகையால் இறப்பை அந்த ஊரிலும், அடக்கத்தைச் சொந்த ஊரிலும் பாருங்கள். கணக்கெடுப்பில் விடுதிக்குத் தனித் தாள், சில இடங்களில் பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும். சேர்க்கை, விடுவிப்பு ஏடுகளோடு சமய ஏடும் கேளுங்கள். அதில் நெருங்கிய உறவினர் பெயர் சிலசமயம் இருக்கும். விடுதியில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் 1904-க்குப் பிறகு தெருவும் எண்ணும் மட்டும் எழுதுவது வழக்கமாயிற்று, அவமானம் வேண்டாமென்று. அந்த எண்ணுள்ள வீட்டைத் தேடிப் போனால் பழைய விடுதிக் கட்டடம் நிற்கும்.

மார்ச் 12

கல்லறைத் தோட்டம். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் படம் எடுங்கள். வெயில் இல்லாவிட்டால் கண்ணாடியோ டார்ச்சோ பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் குழி நிழல் விழுந்து தெரியும். சுண்ணக்கட்டி தேய்ப்பது, சவர நுரை பூசுவது, கம்பித் தூரிகை போடுவது எல்லாம் கல்லைக் கெடுக்கும், தொடவே வேண்டாம். கல்லில் இருப்பதை நம்புமுன் கல் வைத்த காலத்தைக் கேளுங்கள்: ஹாமெட்டின் கல் 1934-இல் வைத்தது, சிற்பி எரிக் கில் செதுக்கியது, இறந்து 43 வருஷத்துக்குப் பின். பெரும்பாலான கூலிகளுக்குக் கல்லே கிடையாது. ஜூலையில் தியாகிகள் விழா நடக்கும் வாரக்கடைசியில் ஊர் நிரம்பிவிடும். தேடல் வேலைக்கு வேறு நாளில் போங்கள்.

டார்செஸ்டரிலுள்ள டோர்செட் வரலாற்று மையத்துக்குப் போவதானால் வேண்டிய ஏட்டின் எண்ணை முன்பே குறித்துச் சொல்லிவிடுங்கள். பென்சில் மட்டும். இணையத்தில் படமாக இருக்கும் ஏட்டை அங்கே போய்க் கேட்டு நேரத்தைக் கரைக்க வேண்டாம். படமெடுக்காத சபைக் கூட்டக் குறிப்பு, ஏழைநிதிக் கணக்கு, வெளியூர்க்காரரைச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஆணை ஆகியவற்றைக் கேளுங்கள். யார் எந்த ஊர்க்காரர் என்று இரண்டு ஊர்கள் சண்டை போட்ட தாளில்தான் ஏழையின் வாழ்க்கை வரலாறு முழுசாக இருக்கும்.

மார்ச் 19

டிஎன்ஏ. மூன்றாம் முறை உறவினர், அதாவது தாத்தாவின் தாத்தா பொதுவானவர்கள், சராசரியாக 73 சென்டிமோர்கன் (டிஎன்ஏ பகிர்வின் அளவு) பகிர்வார்கள், ஆனால் எதுவுமே பகிராதவரும் உண்டு. பக்கத்து ஊர்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த பள்ளத்தாக்கில் ஒருவர் இரண்டு மூன்று வழியில் உறவாகலாம், எண் பெருத்துக் காட்டும். 73 வந்தால் மூன்றாம் முறை என்று எழுதாதீர்கள். தாள்வழி வந்த மரத்தோடு பொருந்தினால் மட்டும் எழுதுங்கள்.

உயிரோடிருக்கும் உறவைக் கண்டால் முதலில் தொலைபேசி வேண்டாம், கடிதம் போடுங்கள். ஒரே பக்கம். பொது முன்னோர் யார், அவர் பிறந்த ஆண்டு, உங்களுக்கு அவர் எத்தனையாவது தலைமுறை. இறந்தவர்கள் மட்டும் உள்ள மர வரைபடம் ஒன்று. கேள்வியும் ஒன்றே: வீட்டில் பழைய பைபிள் இருக்கிறதா, அதன் முதல் பக்கத்தில் பெயர்கள் எழுதியிருக்கின்றனவா?